சிவப்புப் பம்புக்கு விசிறி மூக்கு

எங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருபத்து நான்கு பேர் இருந்தோம். டிராயிங் சாரின் கேமராவுக்குள் போகும் ஃபிலிம் சுருளில் பன்னிரண்டு படங்கள்தான் விழும். இரண்டு பேருக்கு ஒரு படம். தப்பாக எடுத்தால் இன்னொன்று கிடையாது. ஒரு படத்துக்காக ஒரு வாரம் யோசித்த தலைமுறைதான் நாம் என்பதால், அதற்குமேல் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இண்டூரிலிருந்து பென்னாகரம் போகிற சாலையில் எங்கள் ஊர். மிஷன் பள்ளிக்கூடம். டிராயிங் சார் கடற்கரை ஊர்க்காரர். பள்ளிக்கு வருவதற்கு முன்பு ஓர் எந்திரத் தொழிற்சாலையில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவர். அதனால் பூச்சாடியும் கிளியும் வரையச் சொல்லாமல், கதவுக் கைப்பிடியை வரையச் சொன்னார்.

“இந்தக் கைப்பிடி உங்கிட்ட என்ன சொல்லுது?” என்று முதல் வகுப்பில் கேட்டார்.

ஒரு பையன் எழுந்து, “ஒண்ணும் சொல்லலைங்க சார், அது இரும்புங்க” என்றான். வகுப்பு சிரித்தது. சார் சிரிக்கவில்லை. “இழுன்னு சொல்லுது. வெறும் தகடு இருந்தா தள்ளுன்னு சொல்லும். எழுதிப் போடாமலே சொல்லும். நல்ல பொருள் அப்படித்தான்” என்றார்.

அந்தப் பருவத்துக்கு அவர் கொடுத்த வேலை இரண்டு பகுதி. முதலில், ஊரில் புழங்கும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து ஒரு புகைப்படம் எடுக்க வேண்டும். அந்தப் படத்தில் கோடு, வடிவம், நிறம், மேற்பரப்பு, ஒளியும் நிழலும், ஒழுங்கு ஆகிய ஆறும் எங்கே இருக்கின்றன, எதற்காக இருக்கின்றன என்று எழுத வேண்டும். பிறகு அதே பொருளை மாற்றி அமைத்து, முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம் என மூன்று படம் வரைய வேண்டும். இருபத்தைந்து மதிப்பெண்.

சாரின் மேசையில் ஸ்கேலுக்குப் பக்கத்தில் ஒரு பல்பொடி டப்பாவும் இருந்தது. எங்கள் பற்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும். எந்த ஊருக்குப் போனாலும் சிரித்தால் போதும், தருமபுரியா என்று கேட்பார்கள். பழுப்பும் மஞ்சளுமாகக் குறுக்கே ஓடும் பட்டைகள். சார் அதை அழுக்கு என்று நினைத்தார். காலையில் வரிசையாக நிறுத்தி, கறை அதிகமானவர்களின் உள்ளங்கையில் பொடியைத் தட்டிக் குழாயடிக்கு அனுப்புவார். என் பக்கத்தில் உட்காரும் தோழி தினமும் போவாள். தேய்த்துத் தேய்த்து ஈறில் ரத்தம் வரும். பட்டை போகாது. “சோம்பேறித்தனம்” என்பார் சார். கெட்ட மனிதர் இல்லை. அவர் ஊரில் பல் அப்படி இருந்தால் அதுதான் காரணமாக இருந்திருக்கும்.

தோழி அம்மன் தெரு. அப்பாவுக்குச் சொந்தமாக மானாவாரிக் காடு. நாங்கள் மாதா தெரு. எங்களுக்கும் நிலம் இருந்தது, அதைவிடக் கொஞ்சம் குறைவு. அவளுக்குத் தம்பி பிறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பதின்மூன்று வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. பள்ளி விட்டதும் அவள் இடுப்புக்கு அவன் வந்துவிடுவான். கடைசி இரண்டு மாதமாகத்தான் சோறும் தண்ணீரும் ஊட்டத் தொடங்கியிருந்தார்கள்.

எந்தப் பொருள் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவள்தான், “பைப்பு எடுக்கலாம்டி” என்றாள். “தெனம் அதுகிட்டத்தான நிக்கறேன்.”

அம்மன் தெருவில் ஓர் அடிபம்பு. மாதா தெருவில் ஓர் அடிபம்பு. இரண்டும் ஒரே வருடம் போட்டவை, ஒரே வார்ப்பு. இரண்டு வருடத்துக்கு முன்பு தண்ணீர் ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்து அம்மன் தெருப் பம்புக்குச் சிவப்பும், எங்கள் தெருப் பம்புக்கு நீலமும் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அன்று இண்டூர்ச் சந்தை. ஊரில் பாதிப் பேர் இல்லை. சிவப்புப் பம்பின் உடம்பில் வெள்ளை எழுத்தில் ஏதோ எழுதியும் இருந்ததாம். அடுத்த வெள்ளிக்கிழமையே அதன்மேல் மஞ்சளைக் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்துவிட்டார்கள். வாரா வாரம் மஞ்சள்மேல் மஞ்சள் ஏறி, நாங்கள் பார்த்தபோது அந்த இடம் மரப்பட்டை மாதிரி தடித்திருந்தது.

“மேற்பரப்பு” என்று நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். அதற்கடியில் என்ன இருக்கிறது என்று சுரண்டிப் பார்க்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சுரண்ட விட்டிருக்க மாட்டார்கள்.

நிறத்துக்குக் காரணம் எழுத வேண்டுமே என்று இரண்டு தெருவிலும் கேட்டோம். அம்மன் தெருவில் தோழியின் அம்மா, “ஆபீஸ்காரனுக்கே தெரிஞ்சிருக்குது பாரு, இது ஆத்தா பைப்புன்னு. செவப்பு அவளுக்குத்தான்” என்றார். மாதா தெருவில் என் அம்மா, “மாதாவுக்கு நீலம். வேற என்ன?” என்றாள். எங்கள் தெருப் பெண்கள் சனிக்கிழமைதோறும் நீலப் பம்பின் மேடையைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுவார்கள். மே மாதம் ஜெபமாலை முடிந்ததும் பம்பின் கழுத்தில் ஒரு முழம் பூ ஏறும். வார்டு மெம்பரைக் கேட்டோம். “எந்தப் பெயிண்டு மிஞ்சிச்சோ அத அடிச்சிருப்பானுங்க. போயி கணக்குப் போடுங்க” என்றார்.

நாங்கள் மூன்றையும் எழுதிக்கொண்டோம். மூன்றில் எது சரி என்று தோழி கேட்டாள். எனக்கு நீலத்துக்கு அம்மா சொன்னது சரி என்றும், சிவப்புக்கு மெம்பர் சொன்னது சரி என்றும் பட்டது. அப்போது அதை நான் நியாயமான முடிவு என்றே நினைத்தேன்.

படம் எடுக்கிற நாள் சார் கேமராவோடு தெருத் தெருவாக வந்தார். மேலிருந்து குனிந்து பார்க்கும் கேமரா. கண்ணாடியில் ஊர் இடம் வலம் மாறித் தெரிந்தது. வலப்பக்கம் இருந்த பம்பு அதில் இடப்பக்கம் நின்றது. கைப்பிடியின் நிழல் மேடையின்மேல் நீளமாக விழும் நேரம் பார்த்துத் தோழி பட்டனை அழுத்தினாள். எங்கள் தெருப் பையன்கள் இரண்டு பேர் நீலப் பம்பை எடுத்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து தருமபுரி ஸ்டுடியோவிலிருந்து படங்கள் வந்தன. சார் பன்னிரண்டையும் மேசையில் பரப்பினார். கறுப்பு வெள்ளை ஃபிலிம் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அன்றுதான் தெரிந்தது. எங்கள் பம்பும் பையன்களின் பம்பும் ஒரே சாம்பல் நிறம். எது சிவப்பு, எது நீலம் என்று எடுத்தவர்களுக்கே சந்தேகம் வந்து சண்டை போட்டார்கள்.

“நிறத்த எடுத்தாச்சு. இப்ப ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?” என்றார் சார்.

ஒன்றுமில்லை. ஒரே கோடு, ஒரே வடிவம், ஒரே நிழல்.

“அப்ப, வித்தியாசம் காட்டத்தான் நிறம் அடிச்சிருக்கான். என்ன வித்தியாசம்னு கண்டுபிடிங்க.”

அந்த வாரமே சிவப்புப் பம்பில் வாசர் மாற்றத் தண்ணீர் ஆபீஸ் மெக்கானிக் வந்தார். சைக்கிளில் ஊர் ஊராகப் போகிறவர், எல்லோருக்கும் அண்ணன். அவர் கம்பியைத் தூக்கிப் பிடித்திருந்தபோது தோழி தம்பியை இடுக்கிக்கொண்டு கேட்டாள்.

“அண்ணா, இது ஏன் செவப்பு, அது ஏன் நீலம்?”

“தெரியாதா? செவப்பு குடிக்கறதுக்கு இல்ல. துணி தொவைக்கலாம், மாட்டுக்கு மேல ஊத்திக் கழுவலாம். நீலம் குடிக்கலாம். எழுதித்தான வெச்சோம்?”

நாங்கள் மஞ்சளைக் காட்டினோம். அவர் கம்பியைக் கீழே வைத்துவிட்டு அதைக் குனிந்து பார்த்தார். பிறகு, “மெம்பர்கிட்டயும் சொன்னமே. தண்ணியில ஒரு உப்பு இருக்குது. பாத்தா தெரியாது, குடிச்சாலும் தெரியாது. பல்லுல வந்து நிக்கும். பின்னாடி எலும்புலயும் நிக்கும்” என்றார்.

தோழி வாயை மூடிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: “தேச்சா போவாதா?”

“முளைச்ச பல்லுல வந்தது வந்ததுதாம்மா. முளைக்கப்போற பல்லத்தான் காப்பாத்தலாம். இவனுக்கெல்லாம் இப்ப ஈறுக்குள்ள பல்லு கட்டிக்கிட்டிருக்கும்” என்று க்ரீஸ் படிந்த விரலால் தம்பியின் கன்னத்தைத் தொட வந்து, தொடாமல் நிறுத்திக்கொண்டார்.

அன்று மாலையே அவள் வீட்டில் சொல்லிவிட்டாள். நானும் கூட இருந்தேன். அவள் அம்மா அடுப்பு ஊதுவதை நிறுத்தவில்லை.

“இந்தத் தண்ணியில ஒரு கொதிக்கு பருப்பு மலந்துடுது. இனிப்பா இருக்குது. இத விட்டுட்டு அந்தச் சவுட்டுத் தண்ணிக்குப் போவச் சொல்றானா? அவன் எந்தத் தெருக்காரன்னு கேட்டியா?”

“எந்தத் தெருவும் இல்லம்மா. பாலக்கோடு.”

“அப்ப பாலக்கோட்டுல போயி சொல்லச் சொல்லு.”

உண்மையில் தோழியின் அம்மா சொன்னதில் பொய் இல்லை. சிவப்புப் பம்பின் தண்ணீர் மென்மையானது, பருப்பு நன்றாக வேகும். நீலப் பம்பின் தண்ணீர் கடினம். பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டது: கெடுதல் செய்கிற உப்பு உள்ள தண்ணீர் பல இடங்களில் நல்ல தண்ணீர் மாதிரியேதான் நடந்துகொள்ளும்.

பேச்சு பலிக்காது என்று தோழி முடிவு செய்தாள். “எழுத்து மேல மஞ்சள் பூசிட்டாங்க. நெறத்துக்கு வேற அர்த்தம் வெச்சிட்டாங்க. மிச்சம் இருக்கறது வடிவம்தான்” என்றாள். பதினான்கு வயதுப் பெண் இப்படிப் பேசியது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். ஆனால் அந்த மாதம் நாங்கள் எல்லோருமே அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம். கரண்டியைப் பார்த்தாலும் முன்தோற்றம், பக்கத்தோற்றம் என்போம்.

அவள் யோசனை இதுதான். குடிக்கிற தண்ணீரைக் குடத்தில் பிடிப்பார்கள். துவைக்க, மாட்டுக்கு, வாசல் தெளிக்க வாளியில் பிடிப்பார்கள். குடத்துக்கு வாய் குறுகல். வாளிக்கு அகலம். பம்பின் மூக்கை விசிறி மாதிரி விரித்துத் தட்டையாக்கிவிட்டால், தண்ணீர் ஒன்றரைச் சாண் அகலத்துக்குத் தகடாக விழும். வாளி நிறையும், குடம் நிறையாது. பம்பே சொல்லிவிடும், குடத்தோடு என்னிடம் வராதே என்று.

வரைய ஒரு மாதம் ஆனது. விசிறியின் கோணம் மூன்று முறை மாறியது. அட்டையில் ஒரு மாதிரி செய்து, பள்ளிக் குழாயில் கட்டி, கரைந்து விழும்வரை பார்த்தோம். கடைசியில் எண்ணெய் டின் தகரத்தை மெக்கானிக் வெட்டி வளைத்துக் கொடுத்தார். தெருவே கடலைக்காட்டுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் அவரே கம்பி சுற்றி மாட்டியும் கொடுத்தார். “நாலு நாள்ல பிச்சி எறிஞ்சிருவாங்க. பரவால்ல, பாக்கலாம்” என்றார். அவருக்கும் என்ன நடக்கும் என்று பார்க்க ஆசை.

சாயங்காலம் முதல் குடம் வந்தது. அடித்தார்கள். தண்ணீர் சேலையை உதறினாற்போல விரிந்து விழுந்து மேடையெல்லாம் ஓடியது. குடத்துக்குள் ஒரு கை தண்ணீர்கூட இல்லை.

“எவன்டா இது, ஆத்தா வாயில தகரம் வெச்சவன்?”

“மாட்டுக்கு மூக்குல கயிறு போட்ட மாதிரி போட்டுட்டானே!”

குடத்தைச் சாய்த்துப் பார்த்தார்கள், ஒருக்களித்துப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. நானும் தோழியும் வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கணக்குச் சரியாக வந்த சந்தோஷம் எங்கள் இருவருக்கும். அப்போது அவள் அம்மா வந்தார். ஒருமுறை பார்த்தார். வீட்டுக்குப் போய் அகலமான அலுமினியக் குண்டானை எடுத்து வந்து மூக்குக்கு அடியில் வைத்தார். நிரம்பியதும் தூக்கிக் குடத்தில் கவிழ்த்தார்.

“தண்ணிக்குத் தெரியுமா எது கொடம், எது குண்டான்னு?” என்றார்.

ஒரு மாத வரைபடம் அரை நிமிடத்தில் முடிந்தது. முடித்தவர், யாருக்காக வரைந்தோமோ அந்தப் பிள்ளையின் அம்மா.

தோழி மரத்தடியிலிருந்து நேராகப் போனாள். “நாந்தாம்மா வெச்சேன்.”

அவள் அம்மா கை ஓங்கினார். ஓங்கிய கையில் குண்டான் இருந்ததால் அடி விழவில்லை.

“உனக்கென்னாடி கேடு?”

“தம்பி இந்தத் தண்ணி குடிக்கக் கூடாதும்மா. என் பல்ல பாரு. அவனுக்கும் இப்படித்தான் வரும்.”

“அப்ப எங்க போயி புடிக்கறது?”

“நீலப் பைப்புல.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தெருப் பெண்கள் முன்னால் என்னிடம்தான் பேசினார்.

“நீயும் கேட்டுக்க பாப்பா. நான் போவாதவ இல்ல. பொங்கலுக்கு முந்தி இந்தப் பைப்பு நின்னுபோச்சில்ல, அப்ப கொடத்த எடுத்துட்டு உங்க தெருவுக்குத்தான் வந்தேன். மேடையில வெக்கல, கையிலதான் வெச்சிருந்தேன். உங்கம்மா என்னா சொல்லுச்சி தெரியுமா? ‘ஏங்க, உங்களுக்குத்தான் அம்மன் பைப்பு இருக்குதில்ல’ன்னுச்சி. சிரிச்சிக்கிட்டேதான் சொல்லுச்சி. வெறுங்கொடத்தோட ஊடு வந்து சேந்தேன். படம் போட்டா அதுக்கு மருந்தா?”

மூக்கின் கோணத்தை மூன்று முறை அளந்திருந்தோம். அவர் குடம் நீலப் பம்புக்கு வராததற்கு என் அம்மா சொன்ன ஒரு வாக்கியம் காரணமாக இருக்கும் என்று எந்தத் தோற்றத்திலும் தெரியவில்லை.

வீட்டில் அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

“நான் அப்படிச் சொல்லல” என்றாள்.

பத்துப் பதினைந்து மொச்சை உரிந்தது.

“சொல்லியிருந்தாலும் அந்த அர்த்தத்துல சொல்லல.”

மீதியும் உரிந்து முடிந்தது. தோலை முறத்தில் வாரிக்கொண்டு எழுந்தவள், “கொழந்தைக்கு எத்தன மாசம்?” என்று கேட்டாள்.

“பதிமூணு.”

மறுநாள் காலையில் அம்மா நீலப் பம்பில் ஒரு குடம் பிடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் அம்மன் தெரு மேட்டில் ஏறினாள். நான் பின்னால் போனேன். அம்மன் தெருவில் இரண்டு பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தோழி வீட்டு வாசலில் குடத்தை இறக்கினாள்.

“கொழந்தைக்குன்னு பாப்பா சொல்லுச்சி. இன்னிக்கி இத ஊத்தி வெச்சிக்கங்க. நாளைக்கி நீங்களே வந்து புடிச்சிக்கங்க. என் இடுப்பு தெனம் இந்த மேடு ஏறாது.”

மன்னிப்பு என்று பார்த்தால் அவ்வளவுதான். தோழியின் அம்மா குடத்தையும் அவளையும் பார்த்தார்.

“உங்க தண்ணியில பருப்பு வேவாதாமே?”

“எங்க வேவுது! ஒரு கட்டு வெறகு எரிஞ்சாலும் கல்லு மாதிரி நிக்குது.”

“இருங்க” என்று அவர் தண்ணீரைத் தன் குடத்தில் ஊற்றிக்கொண்டார். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பது எங்கள் பக்கத்து மரியாதை. அவர் குண்டானை எடுத்துக்கொண்டு போய், அந்தத் தகர மூக்கில் பிடித்து, என் அம்மாவின் குடத்தைச் சிவப்புப் பம்பின் தண்ணீரால் நிரப்பிக் கொடுத்தார். அம்மா அதைச் சுமந்து வந்து அன்று பருப்பு வைத்தாள். பருப்பு அற்புதமாக இருந்தது. அன்றிலிருந்து சில வருடம் எங்கள் வீட்டில் குடிக்க நீலம், பருப்புக்குச் சிவப்பு. குடிக்கக் கூடாத தண்ணீர் குழம்பாக வந்தால் பரவாயில்லை என்று இரண்டு அம்மாக்களும் தீர்மானித்துவிட்டார்கள். மெக்கானிக்கிடம் அதைக் கேட்க எங்களுக்கும் தோன்றவில்லை. தோழி மட்டும் தம்பியின் பருப்பைத் தனியாக, நீலத் தண்ணீரில், ஒரு மணி நேரம் கூடுதலாக வேகவைத்தாள். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது, சந்தேகம்தான் என்பாள்.

மறுநாள் அவள் அம்மா நீலப் பம்புக்கு வந்தார். வரிசையில் நான்காவது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிவிடுவார்களோ என்று என் அம்மா தன் குடம் நிறைந்த பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

சார் எங்கள் வேலைக்குப் பதினொரு மதிப்பெண் போட்டார். “பொருளின் பயன் குறைந்துள்ளது” என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். மாற்றி அமைத்தால் பொருள் மேம்பட வேண்டும், நாங்கள் பம்பைக் கெடுத்திருக்கிறோம் என்பது அவர் கட்சி. தோழி எழுந்து மெக்கானிக் சொன்னதை முதலிலிருந்து சொன்னாள். உப்பு, பல், எலும்பு. சார் மதிப்பெண்ணை மாற்றவில்லை. ஆனால் மறுநாள் மேசையில் பல்பொடி டப்பா இல்லை.

விசிறி மூக்கு பதினொரு நாள் இருந்தது. பிறகு காணவில்லை. அந்த மூன்று வரைபடங்கள் எங்கே போயின என்று இருவருக்கும் தெரியாது.

தம்பிக்கு ஏழு வயது நடந்தபோது முன்பற்கள் விழுந்து முளைத்தன. தோழி அப்போது சேலத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வந்த அன்று பையைக்கூட இறக்காமல் அவனை வெளிச்சத்துக்கு இழுத்து, தாடையைப் பிடித்து வாயைத் திறக்கச் செய்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பற்கள். அம்மன் தெருவில் அந்த வயதில் அப்படி ஒரு வாய் இல்லை. இரண்டு முன்பற்களிலும் ஒரே உயரத்தில், சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி ஒரு சின்னத் திட்டு மட்டும் இருந்தது.

“இது ஒண்ணுமேயில்லடி” என்றேன்.

அவள் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு துல்லியமாக யாராலும் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும், படிக்கிற அவளுக்கும் தெரிந்திருக்கும். இருந்தாலும் கட்டைவிரலால் அந்தத் திட்டைத் தொட்டுச் சொன்னாள்:

“இது நாம கோணம் சரியா வரலைன்னு அழிச்சி அழிச்சிப் போட்டுக்கிட்டிருந்தோமே, அந்த மாசம் இவன் குடிச்ச தண்ணி.”